கரிம ஈடா, கரிம எதிர்வரவா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் விடும் கரிம உமிழ்வுக்குப் பதிலாக வேறெங்கோ உமிழ்வைக் குறைக்கப் பணம் கட்டுவதைத்தான் ‘கார்பன் ஆஃப்செட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கரிம ஈடு’ என்றே முடித்துவிடலாம் என்ற கருத்து நம் கலைச்சொல் இழையில் வலுத்துவிட்டது. சொல் சின்னது, ஈடுகட்டு, ஈடுசெய் என்று வினையும் கூடவே வந்துவிடுகிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. போனதற்குச் சமமானது வந்து சேர்ந்தால்தான் தமிழில் அதற்குப் பெயர் ஈடு. விமானப் பயணத்தில் அப்படி வந்து சேர்கிறதா என்பதில்தான் தகராறே.

பயணச்சீட்டு எடுக்கும்போது பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பெட்டி வரும். கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் உங்கள் பங்கு உமிழ்வுக்குச் சமமாக எங்கோ ஒரு காடு காக்கப்படும் என்பார்கள். அந்தச் சமம் எப்படி வருகிறது? ‘இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்’ என்று முதலில் ஒரு கணிப்பு. அதிலிருந்து உண்மையில் அழிந்ததைக் கழித்தால் மிச்சம், ‘இவ்வளவு உமிழ்வு தவிர்க்கப்பட்டது’ என்ற சான்றுகளாக விற்பனைக்கு. கணிப்பை ஊதினால் சரக்கும் ஊதும். ஜிம்பாப்வேயில் 2011இல் தொடங்கிய கரிபா காட்டுத் திட்டம் இதில்தான் மாட்டிக்கொண்டது. கணித்த அளவுக்குக் காடழிவு நடக்கவில்லை, சான்றுகளோ கணிப்பின்படி விற்கப்பட்டிருந்தன. விற்றுவந்த சவுத் போல் என்ற சுவிஸ் நிறுவனம் 2023 அக்டோபரில் திட்டத்திலிருந்து விலகியது.

காடுதான் சிக்கல், காற்றாலை என்றால் கண்ணுக்குத் தெரியுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, காற்றாலை சுற்றுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்தச் சான்றுப் பணம் வராவிட்டாலும் அது சுற்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. நம் ஊர் நூற்பாலைகளின் காற்றாலைகளே கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின்கீழ் வளரும் நாடுகளின் உமிழ்வுக் குறைப்புக்குச் சான்று தந்த தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவானவைதான். ஆலைக்கு மின்சாரம் வேண்டும், போட்ட முதலை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ளும் விரைவுத் தேய்மானச் சலுகையும் வருமான வரியில் உண்டு. காற்றாலை நிறுவ இவையே போதும் என்றிருந்தால், லண்டன் போகிறவர் கட்டிய காசால் புதிதாக ஒன்றும் குறையவில்லை. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அனுமதிக்கப்பட்ட சான்றுகளில் குறைந்தது 52 விழுக்காடு எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போயின என்று கணக்கிட்டார்கள். மீதியில் உண்மையானவையும் இருக்கலாம், மறுக்கவில்லை.

அப்புறம் காலம். விமானம் விட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வானில் கிடக்கும். மரத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2021இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பற்றிய பூட்லெக் காட்டுத்தீ, ஏற்கெனவே சான்று விற்ற காட்டுக்குள்ளும் புகுந்தது. விமானம் வானில் விட்டுச்செல்லும் வெண்புகைத் தடமும் சூடேற்றும். பெட்டியில் காட்டும் தொகை பெரும்பாலும் அதைக் கணக்கில் கொள்வதே இல்லை.

இவ்வளவுக்கும் மேல், 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கே.எல்.எம். விமான நிறுவனத்தின் விளம்பரங்கள் பயணிகளைத் தவறாக வழிநடத்தின என்று தீர்ப்பளித்தது. காடு வளர்க்கப் பணம் கட்டினால் பயணத்தின் பாதிப்பு குறையும், ஈடாகும் என்ற தோற்றமும் அதில் அடக்கம். நீதிமன்றம் ஏற்காத கூற்றை நாம் கலைச்சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டுமா?

‘பரிகாரம்’ என்ற பரிந்துரையை ரசித்தேன். ஆனால் அது நேரடிக் கிண்டல். நல்ல திட்டத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் அதே சொல்தான் வேண்டும்.

என் பரிந்துரை ‘கரிம எதிர்வரவு’. பேரேட்டில் பற்றும் வரவும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பற்றுக்கு எதிரே ஒரு வரவு எழுதப்பட்டது என்பதோடு இந்தச் சொல் நின்றுகொள்கிறது. அந்த வரவு மெய்யா பொய்யா என்பதைத் தணிக்கை சொல்லட்டும். வினைக்கும் பஞ்சமில்லை: ‘சென்னை–லண்டன் பயணத்தின் உமிழ்வுக்கு எதிர்வரவு வைத்தார்’.

இன்னொரு வசதியும் உண்டு. ‘கார்பன் கிரெடிட்’, ‘ஆஃப்செட்’ இரண்டையும் செய்தித்தாள்களில் ஒன்றாகவே குழப்புகிறார்கள். சந்தையில் கைமாறும் சான்று கரிம வரவு. அதை ஒருவர் தன் உமிழ்வுக்கு எதிராகக் கழித்துக்கொண்டால் எதிர்வரவு. கழித்த வரவை மறுபடி விற்கக் கூடாது, அப்படி அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதற்கு ‘வரவு முடித்தல்’ என்ற சொல் போதும்.

‘கரிம’வா, ‘கார்பன்’ஆ, இலங்கை நண்பர்கள் எழுதும் ‘காபன்’ஆ என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதை இங்கே திறந்தால் இது முடியாது. எதிர்வரவுக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்; ‘ஈடு’ வேண்டும் என்பவர்கள் கரிபா மாதிரியான திட்டத்தை அந்தச் சொல்லால் எப்படி எழுதுவார்கள் என்று ஒரு வாக்கியமும் சேர்த்து அனுப்பினால் நல்லது.