லேஅவுட்டுக்கு ஃபைபர் இழுக்கணும்: 210 பிளாட், 3 கம்பெனி, ரோடு வேற போடப் போறாங்க, என்ன பண்ணலாம்?

உச்சிப்புளியான்:

வணக்கம் மக்களே. எங்க லேஅவுட் உச்சிப்புளி தாண்டி மண்டபம் போற வழியில இருக்கு, மொத்தம் 210 பிளாட், வீடு கட்டி குடியிருக்கது 90 தேறும், மிச்சம் பூராம் துபாய் சிங்கப்பூர்ல இருக்கவங்க வாங்கிப் போட்டுட்டு கருவேலம் வளத்துக்கிட்டு இருக்காங்க. நான் சங்கச் செயலாளர், அதாவது எவன் வீட்டுல நெட் போனாலும் எனக்குத்தான் போன் வரும்.

இப்ப இருக்கது ஈபி போஸ்ட்ல தொங்குற கேபிள்தான். கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா ஏதாவது ஒரு தெரு செத்துரும். அதனால எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணுவோம்னு கூப்பிட்டா 3 பேரு வந்தாங்க. ஒரு பெரிய கம்பெனி எல்லாமே இலவசம், ரோட்ட நாங்களே தோண்டி போட்டுத் தர்றோம், ஆனா 10 வருசத்துக்கு வேற யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ட நீட்டுது. இன்னொருத்தர் போஸ்ட்லயே புது கேபிள் போட்டுக்கலாங்குறார். மூணாவது நம்ம ஊரு கேபிள் அண்ணன், செலவ பாதிப்பாதி போட்டுக்குவோங்குறார்.

இதுல அவசரம் என்னன்னா பொங்கல் கழிச்சு பஞ்சாயத்துல பேவர் பிளாக் ரோடு போடப் போறாங்க. நாமளே சொந்தமா ஃபைபர் போட்டுக்க முடியுமா, இல்ல இலவசத்துக்கு கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓஎஃப்சி மாப்ள:

அண்ணே, பரமக்குடிங்க நானு, ஸ்ப்ளைசிங், அதாவது இழையோட இழைய ஒட்டுற வேலைதான் பாக்குறேன். மொதல்ல ஃபைபர மறந்துருங்க, பைப்ப பாருங்க. மொத்தச் செலவுல பெரும்பங்கு பள்ளம் தோண்டி மூடுறதுலதான் போகும், கண்ணாடி இழை அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ரோடு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பிஎல்பி ஹெச்டிபிஇ பைப் (உள்பக்கம் வழுவழுன்னு இருக்க பிளாஸ்டிக் பைப்), அந்த 40/33 எம்எம் சைஸ் (வெளி விட்டம் 40, உள் விட்டம் 33), போட்டு வச்சிருங்க. ஒண்ணு போடுற எடத்துல ரெண்டா போடுங்க, ரெண்டாவது சும்மா கெடக்கட்டும். கருவேலம் நிக்கிற பிளாட்டுக்கும் வாசல் வரைக்கும் ஒரு பைப் விட்டு மூடி வச்சிருங்க, நாளைக்கு அவன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைக்கிற அன்னைக்கு உங்க பேவர் பிளாக்க பேக்க வேண்டியதில்ல.

அடுத்தது ஸ்ப்ளிட்டர், ஒரு இழையில வர்ற வெளிச்சத்த பல வீட்டுக்குப் பிரிக்கிறது, 1:4னா நாலாப் பிரிக்கும். இதுல தான் எல்லாரும் ஏமாறுவாங்க. கம்பெனிக்காரன் சாதாரணமா தெரு முக்குல ஒரு 1:4, அதுக்கு அங்கிட்டு போஸ்ட்ல ஒரு 1:8னு போட்டுட்டுப் போவான், கேபிள் மிச்சம் அவனுக்கு. ஆனா அப்படிப் போட்டா அந்தத் தெரு முழுக்க ஒரே கம்பெனி இழையில கட்டிப்போட்டாச்சு, வேற ஆள் வரணும்னா இன்னொரு கேபிள் இழுக்கணும். நீங்க சொல்ல வேண்டியது என்னன்னா, சங்க ஆபீஸ்ல ஒரு ரூம்ல ரேக் வைங்க, ஒவ்வொரு பிளாட்டுல இருந்தும் தனி இழை நேரா அந்த ரேக்குக்கு வரணும், எந்தக் கம்பெனியா இருந்தாலும் அவன் ஸ்ப்ளிட்டர அந்த ரூம்லயே வைக்கட்டும். ஒரு வீட்டுக்காரர் கம்பெனிய மாத்தணும்னா பேட்ச் கார்ட, அதாவது ரேக்குல சொருகுற சின்ன இழை வயர, இங்க புடுங்கி அங்க சொருகுனா முடிஞ்சது, தெருவுல ஏணி தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். ஒரு ஸ்ப்ளிட்டர் 32 வீட்டுக்குன்னு வச்சு 210 பிளாட்ட 32 ஆல வகுத்தா கம்பெனிக்கு 7 போர்ட், அதாவது 7 இழை, மூணு கம்பெனி வந்தாலும் 21 தான், வெளிய இருந்து 24 இழை கேபிள் ஒண்ணு போதும், 48 போட்டா இன்னும் நல்லது.

கணக்கு சொல்றேன், யாராவது வந்து 1:64 போட்டுத் தர்றேன்னு சொன்னா கேக்கணும்ல. ஜிபான்ல (இப்படி ஒரு இழைய ஸ்ப்ளிட்டர் வச்சு பல வீட்டுக்குப் பிரிக்கிற முறை) பி ப்ளஸ் ரக ஆப்டிக்ஸ்னா வழியில மொத்தம் 28 டிபி வரைக்கும் வெளிச்சத்த இழக்கலாம், டிபிங்கிறது அந்த இழப்போட அளவு. ஓஎல்டி, அதாவது கம்பெனி பக்கம் இருக்க பெட்டி, 4 கிலோமீட்டர்ல இருக்குன்னு வச்சுக்கங்க, கிலோமீட்டருக்கு 0.35 வச்சா 1.4 போச்சு, 1:32 ஸ்ப்ளிட்டர் 17.5 போல திங்கும், கனெக்டர் நாலுக்கு 2, ஜாயிண்ட் எல்லாம் சேத்து 0.6. ஆக 21.5. மிச்சம் 6.5, அதுல 3 எப்பவும் கைல இருக்கணும், பின்னாடி எவனாவது வெட்டி நாலு ஜாயிண்ட் கூடுனா தாங்கணும்ல. 1:64 போட்டா அதுவே இன்னொரு 3 டிபிக்கு மேல எடுத்துரும், அப்ப சேப்டிக்குன்னு வச்ச 3 மட்டும்தான் நிக்கும், வேகமும் பாதியா பங்கு. ஜிபான் கீழ வர்றதே 2.5 ஜிபிபிஎஸ், அத 32 வீடு பிரிச்சா ஒரே நேரத்துல எல்லாரும் இழுத்தாலும் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் போல வரும், ஊருக்கு அது போதும். பின்னாடி 10 ஜிபிபிஎஸ் தர்ற அடுத்த தலைமுறை எக்ஸ்ஜிஎஸ் பான் வேணும்னாலும் இதே இழைதான், ரெண்டு முனையில பெட்டிய மட்டும் மாத்துவாங்க.

தங்கச்சிமடம் கேபிள்:

மாப்ள சொன்னது அம்புட்டும் சரி, ஆனா தம்பி பரமக்குடில இருந்து பேசுறாரு, நம்ம உப்புக் காத்து பத்தி நான் சொல்றேன். வெளிய இரும்புப் பெட்டி வைக்கவே வைக்காதீங்க, பெயிண்ட் அடிச்சிருந்தாலும் கீல் மொதல்ல போகும், அப்புறம் கதவு கைல வரும். எஃப்ஆர்பி (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) பெட்டி வைங்க, போல்ட்டு கிளாம்பு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா கேளுங்க, 304 குடுத்தா நம்ம பக்கம் துரு டீக்கறை மாதிரி பிடிச்சிரும்.

தோண்டுறதும் இங்க ஒரே மாதிரி இல்ல. மணல்னா சுளுவா இறங்கும், ஆனா பக்கம் சரிஞ்சுகிட்டே இருக்கும், பைப்ப போட்டவுடனே மூடணும். மண்டபம் பக்கம் நெருங்க நெருங்க கீழ பவளப்பாறை தட்டும், கான்ட்ராக்டர் அதப் பாத்துட்டு ஒரு அடியோட நிப்பாட்டிட்டு ஆழம் போட்டாச்சுன்னு கணக்கு எழுதுவான், டேப்ப கைல வச்சுக்கிட்டு பக்கத்துலயே நில்லுங்க. மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணி மேல ஏறி சேம்பர் (பைப் சேர்ற எடத்துல கட்டுற குழித் தொட்டி) பூரா நெறஞ்சிரும், அதனால உள்ள வைக்கிற ஜாயிண்ட் குளோஷர் (ஜாயிண்ட்ட மூடி வைக்கிற பெட்டி) தண்ணில முங்குனாலும் தாங்குற ஐபி 68 டோம் டைப்பா இருக்கணும், ஒவ்வொரு சேம்பர்லயும் 10 மீட்டர் கேபிள் சுருட்டி விடணும், பைப் வாய ரெண்டு பக்கமும் பிளக் போட்டு அடைக்கணும். அடைக்காம விட்டா எலி உள்ள குடும்பம் நடத்தும்.

இன்னொரு சமாச்சாரம், கனெக்டர் கலரு. பச்ச ஏபிசி, முனைய சாய்வா தேச்சது; நீலம் யூபிசி, சாய்வு இல்லாம தேச்சது. சில பசங்க கைல இருக்கத சொருகிட்டுப் போயிருவாங்க, பச்சயும் நீலமும் முட்டுனா உள்ள கண்ணாடி முனை சரியா ஒக்காராது, பவர் மீட்டர்ல பாத்தா நாலஞ்சு டிபி காணாமப் போயிருக்கும், வீட்டுக்காரர் ரூட்டர் சரியில்லன்னு ரூட்டர மாத்திக்கிட்டே இருப்பாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் முடிச்சுக் குடுக்கும்போது மீட்டர் ரீடிங்க பேப்பர்ல எழுதி வாங்குங்க, நான் மைனஸ் 24 டிபிஎம்முக்கு (வந்து சேர்ற வெளிச்சத்தோட பலம்) கீழ போனா கையெழுத்தே போடமாட்டேன்.

கரண்டு விசயம். ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேணாம், ஓஎல்டிக்கும் வீட்டுல உள்ள பெட்டிக்கும் தான் வேணும். புயல் அறிவிப்பு வந்தா ஈபிய மொதல்ல ஆஃப் பண்ணிருவாங்க, அப்ப கம்பெனி ஓஎல்டில பேட்டரி எத்தன மணி நேரம் தாங்கும்னு எழுத்துல கேளுங்க. வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும்.

கடைசியா, ராத்திரி 11 மணிக்கு இழை அறுந்தா யாரு வருவா? சொந்தமா போடுறேங்குற சங்கம் எல்லாம் இதுல தான் மாட்டுது. ஸ்ப்ளைசிங் மெஷினோட வர்ற ஆளுக்கு வருசக் காண்ட்ராக்ட் போட்டுட்டு அப்புறம் பைப்ப வாங்குங்க.

கீழக்கரை காக்கா:

நான் இருக்கது சிங்கப்பூர்ல. இங்க இழை நெட்லிங்க்னு ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், வீட்டுக்குள்ள ஒரு சின்ன பெட்டில வந்து முடியும், நெட் விக்கிறவங்க பல பேரு அதே இழை மேல போட்டி போடுறாங்க. புடிக்கலன்னா மாத்திக்கலாம், சுவத்துல ஓட்ட போட யாரும் வர மாட்டாங்க. ஸ்டாக்ஹோம்ல ஸ்டோகாப்னு நகராட்சிக் கம்பெனி 1994ல இருந்து இப்படித்தான் வெறும் இழைய வாடகைக்கு விடுது, நெட்ட அது விக்கிறதில்ல. மாப்ள சொன்ன ரேக் ரூம் அதோட குட்டி வடிவம் தான்.

அந்த 10 வருசக் காகிதத்துல கையெழுத்து போட்டுறாதீங்க தம்பி. இலவசம்னு சொல்றான்ல, பள்ளச் செலவ அவன் மாசக் கட்டணத்துல 10 வருசம் வசூல் பண்ணிருவான். போட்டுத்தான் ஆகணும்னா அதுல மூணு வரி சேருங்க: பைப் சங்கத்துக்கு சொந்தம், காலி இழை சங்கத்துக்கு சொந்தம், சேவை இத்தன மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா இந்தத் தனியுரிம ஷரத்து தானா முடிஞ்சிரும். மூணாவது வரிய பாத்தவுடனே விற்பனைப் பையன் மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு எழுந்து போவான் பாருங்க. அதுவே பதில்.

ஊராட்சி எழுத்தர்:

எல்லாரும் பைப் பைப்னு பேசுறீங்க, ரோடு யாருதுன்னு ஒருத்தரும் கேக்கல. அப்ரூவ்ட் லேஅவுட்னா ரோடும் பூங்கா எடமும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு குடுத்திருப்பாங்க. ரோடு உங்க சங்கத்தோடது இல்ல, எங்களோடது. அதனால சங்கம் தன்னிஷ்டத்துக்கு தோண்ட முடியாது, ஊராட்சித் தீர்மானம் வாங்கணும். பேவர் பிளாக் எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா பைப் வேலைய அதோட சேத்தே முடிச்சிரலாம், எஸ்டிமேட் போட்ட பிறகு வந்தா ரோடு வெட்டுக் கட்டணம், சரி பண்ணிக் குடுக்குற வைப்புத்தொகை எல்லாம் கட்டணும். கம்பெனி தனியா வந்தா அவங்களுக்கு 2024 ரைட் ஆஃப் வே விதிகள் (ரோட்டுல கேபிள் போட அனுமதி வாங்குற விதிகள்) இருக்கு, 2025 ஜனவரில இருந்து அமலு, போர்ட்டல்ல அப்ளை பண்ணி வரட்டும். சங்கம் பைப்ப வாடகைக்கு விடப் போகுதுன்னா அதுக்கும் தொலைத்தொடர்பு துறைப் பதிவு வேணும், கம்பெனிக்கிட்டயே இத தெளிவா எழுதி வாங்கிக்கங்க.

தோண்டுறதுக்கு முன்னாடி 2023ல வந்த கால் பிஃபோர் யூ டிக் ஆப்ல (தோண்டப் போறத முன்கூட்டியே தெரிவிக்கிற அரசு ஆப்) போட்டு வைங்க. காவிரி கூட்டுக் குடிநீர் குழாய் உங்க முன்னாடியே போகுது, அத ஓட்ட போட்டா நெட்ட விட பெரிய சண்ட வரும். போட்டு முடிச்சதும் எந்தப் பக்கம், எத்தன அடி ஆழம்னு ஒரு வரைபடம் எங்க ஆபீஸுக்கும் குடுங்க. இத யாரும் குடுக்கிறதே இல்ல, அடுத்த வருசம் தண்ணி லைன் தோண்டுற ஜேசிபிக்கு நாங்க வெறும் கைய காட்டுறோம்.

உச்சிப்புளியான்:

எல்லாருக்கும் நன்றி, தானப் பத்திரம் மேட்டர் சுத்தமா யோசிக்கல, நாளைக்கே தலைவரப் பாக்குறேன். ஒரே சந்தேகம், 120 காலி பிளாட்காரங்க காசு தர மாட்டாங்க, அவங்க வாசல் வரைக்கும் பைப் போடுற செலவ யாரு தலைல கட்டுறது?

தங்கச்சிமடம் கேபிள்:

இப்ப சங்கம் போட்டுருங்க, பைப் மட்டும் தானே, கேபிள் வேணாம். அவர் வீடு கட்ட வரும்போது இணைப்புக் கட்டணம்னு வாங்கிக்கலாம்னு பொதுக்குழுவுல தீர்மானம் எழுதி எல்லார் வாட்ஸப்புக்கும் அனுப்பி வைங்க. அப்புறம் அந்தக் கருவேலத்தயும் வெட்டச் சொல்லுங்க, வேர் பைப்ப நசுக்குச்சுன்னா அந்தச் செலவும் சங்கத்துக்குத்தான்.