கருப்புச் சிலுவை தெரிந்தால் எல்லாம் காக்கோலித் அல்ல

காரைக்குடிக்காரர்:
பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்க் களிப்பாறையில் காக்கோலித் (கடல் நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகட்டுப் புதைபடிவம்) தேடிப் புதிதாகக் கை வைப்பவர்கள் தடுமாறுவது இந்தக் கருப்புச் சிலுவையில்தான். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில், குறுக்கு போலரைசரில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே), வாட்ஸ்நௌரியா பார்னெசியே என்ற காக்கோலித் இனம் வெள்ளையாகப் பளிச்சிடும். அதன்மேல் தெரியும் நான்கு கருப்புக் கைகளை தகட்டின் நடுவிலுள்ள சிலுவைச் சட்டம் என்று எண்ணி, ஐஃபெல்லித்தஸ் என்ற வேறொரு பேரினமாகக் குறித்துவிடுகிறார்கள். ஸ்டேஜைச் சுழற்றுங்கள். கருப்புக் கை போலரைசர் திசையை விட்டு நகராவிட்டால் அது வெறும் ஒளி அணைவு, அந்த இடத்தில் ஒளி மறைவது மட்டுமே. உண்மையான சட்டம் முட்டை வடிவ விளிம்போடு சேர்ந்தே திரும்பும். அந்தச் சட்டம் மூலைவாட்டில் X வடிவில் இருந்தால் ஐஃபெல்லித்தஸ் டரிஸைஃபெலி இனம். நீள, குறுக்கு அச்சுகளை ஒட்டியிருந்தால் ஐஃபெல்லித்தஸ் எக்ஸிமியஸ் இனம். பின்னது கிரெட்டேசியஸ் காலத்தின் டூரோனியன் கட்டத்தில்தான் முதலில் தோன்றுகிறது, ஆகவே சட்டத்தின் கோணத்தைத் தவறாகப் படித்தால் பாறையின் வயதே மாறிவிடும்.

தேவகோட்டைக்காரர்:
அண்ணே, நம்ம பக்கத்துக்கென்றே ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்லைடில் கலந்துவிடும் பச்சரிசிக் கோலமாவு. அரிசி மாவுத் துகள் பெரும்பாலும் 3 முதல் 8 மைக்ரான், காக்கோலித்தின் அளவேதான். கருப்புச் சிலுவையும் காட்டும். பல காக்கோலித்களில் கை வளைந்து சுழலும். மாவில் அந்தச் சுழல் இல்லை, ஓரமும் பலகோணமாக இருக்கும். சந்தேகம் வந்தால் கவர் ஸ்லிப் ஒட்டும் பசை ஊற்றுமுன், அதே மாதிரியின் இன்னொரு பூச்சில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு.

சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பும் மின்னும், ஆனால் உருவமே இருக்காது. சூளையில் வெந்த சுண்ணாம்பில் காக்கோலித் எதுவும் பிழைக்காது.

கண்டனூர்க்காரர்:
பாதிக் குழப்பம் ஸ்லைடு போடும்போதே வந்துவிடுகிறது. வெயில் பட்ட மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே புதிய முகத்தில் பல்குச்சி முனையளவு சுரண்டினால் போதும். மாதிரிக்கு ஒரு குச்சி, ஒரு கவர் ஸ்லிப். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் அதன் உப்பே கால்சைட்டாகப் படிந்து மின்னும். காய்ச்சி வடித்த நீரும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து அமிலமாகி, மெல்லிய சட்டங்களை அரிக்கும். துளி அம்மோனியா சேர்த்து பிஎச் 8.5 பக்கம் வையுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், சூட்டுத்தட்டில் கொதிக்கவிட்டால் திரண்டு கட்டியாகிவிடும்.

எண்ணி முடித்தபின் வாட்ஸ்நௌரியா மட்டும் 40 சதவீதத்தைத் தாண்டினால், மெல்லிய இனங்கள் கரைந்துபோயிருக்கலாம். அந்த மாதிரியில் ஓர் இனம் இல்லை என்பதை வைத்து வயது சொல்லாதீர்கள்.