‘இறக்கத்தில் டீசலே ஆகாது’ என்று சொன்ன அண்ணனுக்கு

கேத்தி கேரட் எழுதியது:

போன வாரம் என் பிக்கப்பை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். அதற்குக் கல்லட்டி 36 அண்ணன் போட்ட பதில்: "மலையில் வண்டி வைத்திருப்பவனுக்குப் பாதித் தூரம் ஓசி. குன்னூர் தாண்டி நியூட்ரலில் விட்டால் மேட்டுப்பாளையம் மண்டி வரை டீசலே ஆகாது. கணக்குத் தெரியாதவன்தான் விற்பான்." அதற்கு ஒன்பது பேர் லைக் வேறு.

எனக்குக் கணக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் இந்த வண்டியை எடுத்தே இருக்க மாட்டேன். பழைய வண்டி, 3 லட்சம் ஃபைனான்ஸ், "பத்து பர்சென்ட்தான் வட்டி" என்றார்கள். 36 மாதம், மாதம் 10,833 ரூபாய் ட்யூ. 14 கட்டிவிட்டேன். இன்சூரன்ஸ் கட்ட வீட்டுக்காரியின் செயினை அடகு வைத்தேன். கேரட் விலை இருக்கிற மாதம் வாரத்துக்கு இரண்டு லோடு, இல்லாத மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. ட்யூ மட்டும் தூங்குவதில்லை. புரோக்கர் 2,40,000-க்குக் கேட்கிறார்.

இதில் டீசல் எங்கே வந்தது அண்ணா? நான் கேட்டது ட்யூவைப் பற்றி.

கல்லட்டி 36 எழுதியது:

தம்பி, என் பெயரைப் போட்டுத் தனியாக ஒரு விவாதம் ஆரம்பிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய். சந்தோஷம்.

27 வருடமாக ஜீப்பும் பிக்கப்பும் ஓட்டுகிறேன். குன்னூரிலிருந்து நியூட்ரலில் விட்டேன் என்றால் கல்லாறு வரை டீசல் முள் அசையாது. என் கண்ணால் பார்த்தது. ட்யூ எல்லாருக்கும்தான் இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிப்பவன் ட்யூ கட்டுகிறான், பிடிக்காதவன் இங்கே வந்து அழுகிறான்.

ஸ்பேனர் செட் எழுதியது:

முள் அசையவில்லையாம். மூக்கு கீழே பார்த்து இறங்கும்போது டேங்கில் டீசல் ஒரு பக்கம் சாயும். முள் எதை வேண்டுமானாலும் காட்டும். அதை நம்பியா 27 வருடம் ஓட்டினீர்கள்?

கியரில் போட்டுக் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால், இன்றைய டீசல் வண்டியில் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். பழைய பம்ப் வண்டியிலும் டீசல் அளவைப் பார்த்துக்கொள்ளும் கவர்னர் அதே வேலையைச் செய்கிறது. நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள டீசல் கேட்கும். மேட்டுப்பாளையம் போக ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், நியூட்ரலில் சும்மா உறுமியே அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும். அண்ணன் மிச்சம் பிடிக்கவில்லை, செலவு செய்கிறார்.

கல்லட்டி 36 எழுதியது:

ஸ்பேனர் பிடிப்பவருக்கு ஸ்டியரிங் பிடிப்பவன் பாடம் எடுக்கக் கூடாது, தெரியும். ஆனால் கியரில் இறங்கினால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கத்துகிறது, நியூட்ரலில் 800-ல் முனகுகிறது. கத்துகிறவன் அதிகம் சாப்பிடுவானா, முனகுகிறவனா? பள்ளிக்கூடம் போகாத என் பாட்டிக்கே தெரியும்.

பத்து மணி பஸ் எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். நியூட்ரல் என்றால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா, சாவியை அணைத்துவிட்டா? இரண்டும் வேறு வேறு.

டீத்தூள் எழுதியது:

கத்துகிற இன்ஜின் டீசல் குடிக்காமல் கத்துகிறது என்று அவர் சொல்லிவிட்டார் அண்ணா. பாட்டியை விடுங்கள்.

அப்புறம், மரப்பாலத்தில் ஜாக்கி வாங்கிப் போனீர்களே, இரண்டு வருடம் ஆகிறது. ஞாபகம் இருக்கிறதா?

கல்லட்டி 36 எழுதியது:

ஜாக்கிப் பேச்சு இங்கே எதற்கு? டீசலுக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள்தான் ஜாக்கியைத் தூக்குவார்கள்.

மஞ்சப்பை எழுதியது:

கேத்தி நண்பருக்கு மட்டும். நியூட்ரல்காரர்கள் தாண்டிப் போகலாம்.

உங்களுக்குச் சொன்ன 10 சதவீதம் ஃபிளாட் வட்டி. 3 லட்சத்துக்கு வருடம் 30,000 என்று மூன்று வருடத்துக்கு 90,000 போட்டு, 3,90,000-ஐ 36-ஆல் வகுத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டிக்கொண்டு வரும்போது அசல் குறைகிறது, வட்டி குறையவில்லை. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். 14 ட்யூ கட்டியதால் அசல் 1,83,000-தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போய்க் கேட்டால் 2,02,000 பக்கம் சொல்வார்கள், முன்கூட்டியே முடிக்கிற கட்டணம் தனி. புரோக்கர் 2,40,000 கொடுத்தாலும் கையில் நிற்பது 38,000-க்கும் கீழே. அதில் செயினை மீட்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. "ட்யூவை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியை மட்டும் கொடு" என்று யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாமல் அவன் எங்காவது இடித்தால் நஷ்ட ஈடு கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஃபைனான்ஸில் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி வாங்கி, ஆர்சியில் இருக்கும் கடன் பதிவை நீக்கப் படிவம் 35 போட்டு, பெயர் மாற்றின பிறகுதான் சாவி.

ஸ்பேனர் செட் எழுதியது:

மஞ்சப்பை சொன்னது சரி. ஆனால் டீசல் விஷயத்தில் அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

கல்லட்டி 36 எழுதியது:

சொல்லிவிட்டேன். முள் அசையவில்லை. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? லாரி டிரைவர், பஸ் டிரைவர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பர்லியாறு டீக்கடையில் காலை ஐந்து மணிக்கு நில்லுங்கள், நியூட்ரலில் வராத பிக்கப்பைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

ஸ்பேனர் செட் எழுதியது:

பர்லியாறில் நிற்க வேண்டாம், என் பட்டறைக்கு வாருங்கள். நியூட்ரலில் வந்தவர்கள் கீழே கல்லாறில் எப்படி நிற்கிறார்கள் தெரியுமா? சக்கரத்திலிருந்து புகை, பிரேக் லைனர் கருகின நாற்றம், டிரைவர் பாட்டில் தண்ணீரை பிரேக் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருப்பார். சூடான டிரம்மில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும் என்று சொன்னாலும் கேட்பதில்லை. போன மாதம் ஒன்று கழற்றினேன். லைனர் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. அது எங்கே பிடிக்கும்? பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், அப்போது முள்ளைப் பார்க்க நேரம் இருக்காது.

குன்னூர் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் நேர் கீழே இறங்குகிறோம். லோடோடு மூன்று டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வருகிற சூடு நூறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைக் கியரில் இருந்தால் இன்ஜின் பெரும்பகுதி வாங்கும். நியூட்ரல் என்றால் நாலு சக்கரத்து பிரேக்தான் அடுப்பு. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்னது இதற்குத்தான்.

கூடலூர் குறுமிளகு எழுதியது:

ஊட்டிக்காரர்கள் பிரேக்கைப் பற்றிப் பேசுவதைப் பார்க்க ஜாலியாக இருக்கிறது. எங்கள் பக்கம் நடுவட்டம் இறக்கத்தில் வந்து ஓட்டிக் காட்டுங்கள்.

கல்லட்டி 36 எழுதியது:

நடுவட்டமா! கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. வெளியூர் வண்டியை மேலேயிருந்து இறங்கவே விடமாட்டார்கள், நீலகிரிப் பதிவு, டிஎன் 43 போர்டு இருந்தால்தான் விடுவார்கள். அங்கே தினமும் இரண்டு தடவை இறங்கினவன் நான். எனக்கு நடுவட்டம் காட்டுகிறார்.

டீத்தூள் எழுதியது:

வெளியூர்க்காரனை ஏன் இறங்க விடுவதில்லை அண்ணா? பிரேக்கை மட்டும் நம்பி வந்து விழுகிறான் என்பதால்தானே? சரி, கல்லட்டியில் நீங்களும் நியூட்ரலில்தான் இறங்குவீர்களா?

கல்லட்டி 36 எழுதியது:

கல்லட்டியில் நியூட்ரல் போட நான் என்ன பைத்தியமா? அங்கே இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். நான் சொன்னது குன்னூர் ரோடு. படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஸ்பேனர் செட் எழுதியது:

ஆக, செங்குத்தாக இருந்தால் கியர், கொஞ்சம் சாய்வாக இருந்தால் நியூட்ரல். குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி இருக்கிறதே, அது யாருக்கு?

கல்லட்டி 36 எழுதியது:

14 எங்கே, 36 எங்கே.

பூம்பாறைப் பூண்டு எழுதியது:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் பூண்டை வடுகப்பட்டிச் சந்தைக்கு இறக்குகிறோம். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு பிக்கப். அறுப்பு நேரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று அவரவர் கொடுத்துவிடுகிறோம், வண்டி வைத்திருப்பவருக்கு டீசலும் ட்யூவில் ஒரு பங்கும் வந்துவிடும். கேத்தி நண்பர் அப்படிப் பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

கல்லட்டி 36 எழுதியது:

பழனி மலைக்காரர் வந்துவிட்டார். இது நீலகிரி ரோட்டைப் பற்றிய பேச்சு ஐயா. உங்கள் பக்கத்து இறக்கத்தில் நியூட்ரல் போடுவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பூம்பாறைப் பூண்டு எழுதியது:

போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்லட்டி 36 எழுதியது:

கேட்டீர்களா!

ஸ்பேனர் செட் எழுதியது:

போடுகிறார்கள் என்றால் டீசல் மிச்சம் என்று அர்த்தமா? பீடி குடிக்கிறவர்களும்தான் இருக்கிறார்கள்.

பத்து மணி பஸ் எழுதியது:

நான் 2016-ல் என் ஆம்னியை விற்றேன். ஒரு வாரம் வாசலைப் பார்க்கவே மனசு வரவில்லை, வண்டி நின்ற இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் ஒரு சதுரம் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. எப்போதாவது ஆஸ்பத்திரி என்றால் டாக்சி. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இன்சூரன்ஸுக்குக் கட்டியதைவிடக் குறைவு.

கல்லட்டி 36 எழுதியது:

பஸ்ஸில் எட்டு மூட்டை கேரட்டை ஏற்றிக்கொண்டு போங்கள், கண்டக்டர் ஆரத்தி எடுப்பார். நடு ராத்திரி பிரசவ வலி வந்தால் என்ன செய்வீர்கள்? பத்து மணி வரை பொறுத்துக்கொள் என்பீர்களா?

பத்து மணி பஸ் எழுதியது:

108 வரும். அப்புறம், நான் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. சாவியை அணைத்தா, அணைக்காமலா? அணைத்தால், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வாக்வம் கிடைக்காது. இரண்டு மிதி, மூன்று மிதி, அதோடு பெடல் கல்லாகிவிடும்.

கல்லட்டி 36 எழுதியது:

சூழ்நிலையைப் பொறுத்தது.

ஸ்பேனர் செட் எழுதியது:

ஐயோ.

கூடலூர் குறுமிளகு எழுதியது:

ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பதாவது இங்கே யாருக்காவது தெரியுமா? போன ஞாயிறு லோடோடு ஏறிக்கொண்டிருந்தேன், மேலேயிருந்து ஒரு டிஎன் 43 ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து வளைவிலேயே நிறுத்தவைத்துவிட்டது. மறுபடி கிளட்ச் கருகக் கருகக் கிளப்பினேன். நியூட்ரலில் வந்திருப்பார் போல, நிறுத்த முடியவில்லை.

கல்லட்டி 36 எழுதியது:

என்னைச் சொல்கிறீர்களா?

கூடலூர் குறுமிளகு எழுதியது:

பெயர் சொல்லவில்லை. தொப்பி யாருக்குப் பொருந்துகிறதோ அவர் போட்டுக்கொள்ளட்டும்.

கல்லட்டி 36 எழுதியது:

ஞாயிறு நான் ரோட்டுக்கே வரவில்லை. கோடை முழுக்க வெளியூர்க்காரன் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஏறி வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறான், அவனை ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஊரில் பிறந்து இந்த ரோட்டில் 27 வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவனைக் கேள்வி கேட்கிறீர்கள்.

டீத்தூள் எழுதியது:

ஒரு கீறல் இல்லாமலா? மரப்பாலத்தில் அன்றைக்கு ஜாக்கி எதற்கு வாங்கினீர்கள்?

கல்லட்டி 36 எழுதியது:

அது பஞ்சர். பஞ்சர் கீறலில் சேராது.

கேத்தி கேரட் எழுதியது:

மஞ்சப்பை சொன்னபடி இன்றைக்கு ஃபைனான்ஸ் ஆபீசில் போய்க் கேட்டேன். 2,01,700 சொன்னார்கள், கட்டணம் வேறு. பத்து பர்சென்ட் என்றீர்களே என்றேன், கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்கள். ஃபிளாட் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அன்றைக்கு வண்டியின் கலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காகிதத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரிடம் லோடு பற்றிப் பேசினேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் "விற்கப் போகிற வண்டியை நம்பி எப்படி" என்கிறார். விற்கப் போகிறேன் என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை, ஒருவேளை இங்கேயே படித்திருப்பார்.

புரோக்கர் ஞாயிறு வருகிறார். 2,40,000-க்குக் கொடுக்கவா, வேண்டாமா?

மஞ்சப்பை எழுதியது:

இரண்டாமவரும் சரி என்றால், ஒரு அறுப்பு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். தார்ப்பாய்க்குள் நின்றாலும் வருடம் போகப் போக விலை இறங்கத்தான் செய்யும். எட்டு வருடம் தாண்டினால் எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, வருடா வருடம் காட்ட வேண்டும்.

கல்லட்டி 36 எழுதியது:

கொடுக்காதே தம்பி. நாளைக்கு லோடு போகிறாயா? காட்டேரி தாண்டி நியூட்ரலில் விட்டுப் பார், மேட்டுப்பாளையத்தில் முள்ளைப் பார், வந்து இங்கே எழுது. இவர்கள் வாயை அடைக்கலாம்.

ஸ்பேனர் செட் எழுதியது:

தம்பி, அப்படி ஏதும் செய்துவிடாதே. இரண்டாவது கியர். ஐந்து லிட்டர் கேனோடு பட்டறைக்கு வா, அளந்து ஊற்றி ஒரு தடவை கியரில், ஒரு தடவை காலி வண்டியில் அண்ணனோடு நியூட்ரலில், நானே கூட வருகிறேன். தோற்றால் லைனர் நான் மாற்றித் தருகிறேன், கூலி இல்லாமல்.

கல்லட்டி 36 எழுதியது:

எனக்கு யாரிடமும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

டீத்தூள் எழுதியது:

அண்ணா, வருவதாக இருந்தால் அப்படியே ஜாக்கியையும் எடுத்து வந்துவிடுங்கள்.

கல்லட்டி 36 எழுதியது:

ஜாக்கி கூடலூரில் மச்சான் வீட்டில் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

கூடலூர் குறுமிளகு எழுதியது:

கூடலூரில் எந்த மச்சான்?