ஜிட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வியாழனுக்குள் வேண்டும்

திங்கள் இரவு, திருச்சியிலிருந்து ந.

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை இருபது பேருக்கு ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று, அதன் தலையில் பொருத்தும், எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக மாற்றும் டாக் பலகை ஒன்று, வீட்டில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபையர். இவற்றை வைத்து இணையத்திலிருந்தும் சொந்தச் சேமிப்பிலிருந்தும் பாட்டுக் கேட்க ஒரு பெட்டி கட்டுவதுதான் பாடம். தமிழ்க் கையேடு வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். வழங்கி, இடையகம், மாதிரி வீதம், அலையியற்றி என்று மற்றவை எல்லாம் உட்கார்ந்துவிட்டன. ஜிட்டர் மட்டும் நிற்கிறது.

பொருள் இதுதான். குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 22.7 மைக்ரோநொடி. டாக் ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய நேரத்தில் மின்னழுத்தமாக மாற்ற வேண்டும். கடிகாரத் துடிப்பு இம்மி முந்தியோ பிந்தியோ வந்தால் எண் சரியாக இருந்தும் நேரம் தப்பிவிடும். அந்தத் தப்புக்குத்தான் பெயர் வேண்டும்.

முதலில் ‘நடுக்கம்’ என்று எழுதி மாணவர் ஒருவரிடம் காட்டினேன். “பாட்டு நடுங்குமா மேடம்?” என்று கேட்டார். அடித்துவிட்டேன்.

செவ்வாய் காலை, க.

அம்மாவுக்கு வணக்கம். நடுக்கத்தை அடித்தது சரி. அதற்கு மேலான சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்பது தொல்காப்பிய உரியியல். நடுக்கம் பொதுச்சொல், அதிர்வும் விதிர்ப்பும் அதன் வகைகள். அதிர்வை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். விதிர்ப்பு இன்னும் யாருடைய கையும் படாமல் இருக்கிறது. திருவாசகத்தில் திருச்சதகம் தொடங்குவதே மெய் அரும்பி விதிர்விதிர்ப்பதில்தான். அது உடல் ஆடுவதன்று, உள்ளே நுண்ணிதாக ஓடும் சிலிர்ப்பு. வேற்படையை விதிர்ப்பது என்றாலும் ஓங்கி வீசுவதன்று, கையில் பிடித்தபடி துடிக்கவிடுவது. நீங்கள் சொல்லும் இம்மி முந்தல் பிந்தலுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? கால விதிர்ப்பு. எழுதிக்கொள்ளுங்கள்.

அதே இயலில் ‘அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி’ என்றும் வருகிறது. பழைய இசைத்தட்டு சுழலும் வேகம் கூடிக் குறைவதற்கு அலமரல் ஆகும். நாளை தனியாக எழுதுகிறேன்.

செவ்வாய் மதியம், கோவை செ.

புலவர் ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் ஒர்க்‌ஷாப் வேலை பார்க்கிறவர்கள், மீதிப்பேர் பாட்டுப் பைத்தியங்கள். விதிர்ப்பு என்று படித்தால் வெடிப்பு என்பதன் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். நான் பதினைந்து வருடமாக ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறேன். எங்கள் வட்டத்தில் எல்லோரும் சொல்வது ஜிட்டர்தான். டாக், ஸ்ட்ரீமர், கேபிள் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. இதையும் அப்படியே விடலாமே?

செவ்வாய் மதியம், க.

அப்படியே விட்டால் இந்தக் குழு எதற்கு, தம்பி?

புதன் விடிகாலை (எங்களுக்குச் செவ்வாய் மாலை), டொராண்டோ வ.

எல்லாருக்கும் வணக்கம். சொல்லுக்குப் போகமுதல் பொருளைப் பிரிக்க வேணும். நான் தொலைத்தொடர்பில் வேலை செய்கிறவன். நாங்கள் ஜிட்டர் என்று கதைப்பது இரண்டு வேறு விஷயங்களை.

ஒன்று ந. அக்கா சொன்னது, கடிகார விளிம்பு தன் இடத்திலிருந்து விலகுவது. அளவு பிக்கோநொடியிலும் நானோநொடியிலும் இருக்கும். மற்றது, வலையமைப்பில் பொதிகள் (பாக்கெட்டுகள்) வந்து சேருகிற இடைவெளி ஒரே சீராக இல்லாமல் போவது. அதன் அளவு மில்லிநொடி. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று போட்ட பஸ் அரை மணித்தியாலம் வராமல் இருந்து, பிறகு மூன்றும் ஒன்றாக வருமே, அதுதான். நானோநொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது ஆங்கிலத்தின் வறுமை. அந்த வறுமையை நாங்கள் ஏன் இரவல் வாங்க வேணும்?

இன்னொன்று: அதிர்வு தமிழ்நாட்டில் அதிர்வெண்ணோடு ஒட்டிவிட்டது. நாங்கள் இலங்கையில் படித்தபோது அது மீடிறன். உங்கள் ‘கட்டம்’ (ஃபேஸ்) எங்களுக்கு அவத்தை. எந்தச் சொல் வந்தாலும் இரண்டு கரையிலும் விளங்குகிறதாக இருக்கட்டும்.

புதன் காலை, கோவை செ.

வ. அண்ணன் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏன் என்று எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். பதினெட்டாயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய் ஸ்விட்ச் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஆனால் இது நெட்வொர்க் ஜிட்டரைக் குறைக்கும், ஜிட்டர் குறைந்தால் டாக்கில் ஒலி தெளியும் என்றார்கள். ஜிட்டர் கெட்டது என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் வாங்கிவிட்டேன். வீணையின் மீட்டு கூடத் துல்லியமானதாகத் தோன்றியது.

அப்புறம் ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சுத்தம் செய்ய மேசையை நகர்த்தினேன், லேன் ஒயர் கழன்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும்வரை ஓடியது, பிறகுதான் நின்றது. கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒயரே இல்லாமல் ஓடிய அந்த நொடிகளில் என் ஸ்விட்ச் எதைச் சரிசெய்துகொண்டிருந்தது? பாட்டு முழுக்க இடையகத்தில், அதாவது முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைத்த இடத்தில் இருந்து வந்தது. பொதி எப்போது வந்தது என்பது அங்கேயே அழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நேரத்தைச் சொல்வது டாக் பலகையில் இருக்கிற படிகம்தான். முதல் ஜிட்டர் தொடங்குவதே அங்கே.

அப்படியே விடலாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். ஒரே சொல்லால் எனக்குப் பதினெட்டாயிரம் போனது.

புதன் காலை, வ.

செ. தம்பி, ஒரு திருத்தம் மட்டும். செப்புக் கம்பி வழியாக மின்னிரைச்சல் வரக்கூடும், அது வேறு கதை. ஆனால் அதற்கும் பொதி வரும் நேரத்துக்கும் தொடர்பில்லை. மற்றபடி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. கருவியிலிருந்து டாக்குக்கு எண்ணிம ஒலியைக் கொண்டுபோகிற எஸ்பிடிஐஎஃப் கம்பியில் மட்டும் கவனம் வேணும். அங்கே தரவும் கடிகாரமும் ஒன்றாகப் பின்னப்பட்டு வரும், வாங்குகிற பக்கம் அதிலிருந்து கடிகாரத்தைப் பிரித்தெடுக்க வேணும். ஒத்தியங்கா (அசின்க்ரனஸ்) யூஎஸ்பியில் அந்தச் சிக்கல் இல்லை. அதில் டாக் தன் கடிகாரத்தின்படி தரவைக் கேட்டு வாங்கும்.

புதன் மதியம், சென்னை பா.

மிருதங்கம் வாசிக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? இசையில் நேரம் தப்புவதற்கு எங்களிடம் நிறையச் சொல் இருக்கிறது. காலப்பிரமாணம் ஓடுகிறது, இழுக்கிறது, நிற்கவில்லை. தாளம் பிசகுகிறது. ஆனால் ‘ஓடுகிறது’ என்றால் கச்சேரி போகப் போக வேகம் ஏறிவிட்டது என்று பொருள். நீங்கள் சொல்வதில் சராசரி வேகம் மாறவே இல்லை, ஒவ்வொரு தட்டும் மட்டும் துளி முன்னே பின்னே. எனவே காலப்பிரமாணத்தைத் தொடாதீர்கள். கம்பிதத்தையும் தொடாதீர்கள், அது கமகம். வேண்டுமென்றே செய்யும் அழகு. பிழைக்கு அந்தப் பெயர் வைத்தால் மனம் பொறுக்காது.

பொதி வருவதற்கு ‘முன்பின்’ போதுமே. வீட்டில் தினமும் சொல்கிறோம்: நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். வரவு முன்பின்.

புதன் இரவு, ந.

பா. சாருக்கு நன்றி. ‘வரவு முன்பின்’ கையேட்டில் ஏறிவிட்டது. பொதிகளின் வரிசை மாறுவதாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் உண்டு. அதனால் ‘வரிசை அல்ல, நேரம்’ என்று அடைப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கடிகாரத்துக்கு வருகிறேன். மாலையில் ஆய்வகத்தில் பழைய பை 3 ஒன்றின் ஒலிக்கடிகாரக் காலில் அலைநோக்கியை (ஆஸிலோஸ்கோப்) மாட்டினேன். 44.1 கிலோஹெர்ட்சுக்கு அங்கே 2.8224 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். பை அதைத் தன்னிடமுள்ள 500 மெகாஹெர்ட்சிலிருந்து வகுத்து எடுக்கிறது. வகுத்தால் 177.15. பின்னமாக எண்ண அதற்கு வழியில்லை. அதனால் ஒரு சுற்றுக்கு 177 எண்ணும், ஆறேழு சுற்றுக்கு ஒருமுறை 178 எண்ணும். சராசரி சரியாகிவிடும், தனித்தனித் துடிப்பு சரியாகாது. வித்தியாசம் 2 நானோநொடி.

திரையில் பழைய தடங்கள் மறையாமல் நிற்கும்படி வைத்துப் பார்த்தேன். விளிம்பு ஒரே கோடாக இல்லை. பக்கத்தில் இன்னொன்று. கத்தரித்துவிட்டு மடித்துத் தைக்காத வேட்டி ஓரத்தில் நூல் நூலாக நிற்குமே, அச்சாக அதேதான். பிறகு 22.5792, 24.576 என்று இரண்டு படிகங்கள் வைத்த டாக் பலகையைப் பொருத்தினேன். ஒன்று 44.1 குடும்பத்துக்கு, மற்றது 48 குடும்பத்துக்கு. இப்போது பலகைதான் தலைமை, பை அதன் தாளத்துக்கு ஆடுகிறது. ஓரம் தைத்தது போல ஒற்றைக்கோடு.

என்னோடு நின்ற ஆய்வக உதவியாளர், இந்த விவாதம் எதுவும் தெரியாதவர், பார்த்ததும் சொன்னார்: “பிசிறு போயிடுச்சு மேடம்.”

காலப் பிசிறு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதன் இரவு, செ.

இதுதான். வேறு தேட வேண்டாம்.

வியாழன் காலை, க.

பிசிறு என்றதும் எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. இடையின ரகரத்தோடு ‘பிசிர்’ என்றால் சங்கப் பாடல்களில் அலை உடைந்து தெறிக்கும் நீர்த்துளி. ஒன்றாக வந்தது ஓரத்தில் துளித்துளியாகச் சிதறுவது. வல்லின றகரப் பிசிறு அதன் வழியில் வந்ததாகவே நான் கொள்கிறேன், நீர் நூலாயிற்று. பிசிர் என்பது பாண்டி நாட்டில் ஒரு ஊரும்கூட. சங்கப் புலவர் பிசிராந்தையார் அந்த ஊர்க்காரர். ஊண் விட்டு வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், முன்பின் கண்டிராத அந்த நண்பருக்காக இடம் ஒதுக்கச் சொன்னான். சொன்னபடி அவரும் வந்து சேர்ந்தார். சோழனின் ஊர் உறையூர். அம்மா பயிற்சி நடத்தும் திருச்சிக்குள்தான் அது இருக்கிறது. நேரம் தவறாமல் வந்து சேர்ந்த ஒருவரின் ஊர்ப்பெயரை நேரம் தவறுவதற்கு வைக்கிறோமே என்று ஒரு வருத்தம்.

இருந்தாலும் என் வாக்கு விதிர்ப்புக்குத்தான். பிசிறு பொருளின் ஓரத்தைச் சொல்கிறது, விதிர்ப்பு அசைவைச் சொல்கிறது. ஜிட்டர் ஓர் அசைவு. துணிக்கடைச் சொல்லால் அதைப் பிடிக்க முடியாது.

வியாழன் காலை, வ.

எனக்கும் பிசிறில் ஒரு தயக்கம், ஆனால் வேறு காரணம். குரல் பிசிறு தட்டுகிறது என்று சொல்வோம் அல்லவா? ‘காலப் பிசிறு’ என்று படித்தவர் பாட்டில் கரகரப்பைத் தேடுவார். இருக்காது. இது ஒலியில் செய்வது, மூலச் சுருதிக்கு இரு பக்கமும் மெல்லிய துணைச் சுருதிகளை உண்டாக்குவது. அதுவும் அளவைப் பொறுத்தது. 16 பிட்டில் முழு வீச்சில் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலைக்கு, பிழை அரைப் படிக்குள் இருக்க வேணுமென்றால் சுமார் 121 பிக்கோநொடிக்கு மேல் விலகக் கூடாது. அது கணக்கு. காது வேறு. ஜப்பானில் பயிற்சி பெற்றவர்களை அவர்களுக்குப் பிடித்த கருவிகளிலேயே கேட்க வைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். இசையில் ஒழுங்கற்ற ஜிட்டரைக் கண்டுபிடிக்கப் பல நூறு நானோநொடி தேவைப்பட்டது. ந. அக்கா திரையில் பார்த்தது 2. திரையில் தெரிகிற பிசிறு காதிலும் கேட்கும் என்று சனிக்கிழமை யாரும் நினைத்துவிடக் கூடாது.

வியாழன் மதியம், செ.

அண்ணா, நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். படிகம் வைத்த பலகையில் சலங்கை ஒலி நன்றாக அடங்குகிறது. உங்கள் 2005 ஆய்வை மறுக்க என்னிடம் ஆய்வு கிடையாது. ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வியாழன் மதியம், வ.

மாற்றும்போது எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

வியாழன் மதியம், செ.

தெரியும். சனிக்கிழமை நானும் திருச்சி வருகிறேன். அங்கே வேறு யாராவது மாற்றட்டும், நான் திரும்பி உட்கார்ந்து கேட்கிறேன்.

வியாழன் இரவு, ந.

அச்சகத்திலிருந்து எழுதுகிறேன். கடிகாரத்துக்குக் காலப் பிசிறு, பொதிகளுக்கு வரவு முன்பின். முதல் முறை வரும் இடத்தில் ‘இரண்டையும் கடைகளில் ஜிட்டர் என்றே சொல்வார்கள், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். செ. அவர்களின் கழன்ற ஒயர் கதையும் இருக்கிறது. பயிற்சியில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒயரைப் பிடுங்கி எண்ணிப் பார்க்கச் சொல்லப் போகிறேன். ‘குரல் பிசிறு அல்ல’ என்று வ. அவர்களின் எச்சரிக்கையும் ஏறிவிட்டது. புலவர் ஐயா, விதிர்ப்பைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன், தொல்காப்பிய அடியோடு.

வெள்ளி காலை, க.

சொல்லடைவில் என்பது கடைசிப் பக்கம். ஏற்கவில்லை, பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

வெள்ளி காலை, வ.

நானும் ஒன்று எழுப்ப வேணும். எங்கள் துறையில் விலகல் 10 ஹெர்ட்சுக்கு மேல் ஆடினால்தான் ஜிட்டர். அதற்குக் கீழே மெதுவாக அசைந்தால் அது வாண்டர். பா. அண்ணன் சொன்ன ஓடுவதும் இழுப்பதும் அதற்குத்தான் கிட்ட வருகிறது. அதற்குத் தமிழில்?

வெள்ளி காலை, க.

அலமரல்.