மறு: கில்லிங் ஃப்ராஸ்ட்: ‘கொல்பனி’யா, ‘கருக்குபனி’யா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கனடாவின் சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, மானிடோபா மாகாணங்களின் தானிய அறுவடை பற்றி எழுதும் நண்பர், சில ஆங்கில வேளாண் சொற்களுக்குத் தமிழ் கேட்டதற்கு மடல்கள் குவிந்துவிட்டன. ஃப்ராஸ்ட் என்றால் உறைபனி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. டிசம்பர் வந்தால் ஊட்டிச் செய்திகளில் நாளிதழ்களே அப்படித்தான் எழுதுகின்றன. சண்டையெல்லாம் அதற்கு அடுத்த சொல்லில்தான்.

> கில்லிங் ஃப்ராஸ்ட் = கொல்பனி. கொல்களிறு, கொல்புலி போல வினைத்தொகை. சுருக்கமும் உண்டு, அழகும் உண்டு.

அழகுதான், ஐயா. ஆனால் யாரைக் கொல்கிறது என்று கேட்டால் பதில் சிக்கலாகிறது. வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவுக்கோ அதற்குக் கீழோ போய்ச் சில மணி நேரம் அங்கேயே நின்றால் அங்குள்ள விவசாயிகள் அதைக் கில்லிங் ஃப்ராஸ்ட் என்கிறார்கள். அப்போது கோதுமை பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தால் மணி சுருங்கிச் சாவியாகிவிடும், அதாவது பதராகிவிடும். மணி மாவாகத் திரண்டும் இளக்கமாக இருக்கும் நேரம் என்றால் மேல்தோலில் கொப்புளம் போலச் சுருக்கம் விழும், தரம் இறங்கும், விலையும் இறங்கும். மணி நகம் பதியாத அளவுக்கு இறுகிவிட்டிருந்தால் பெரிய சேதம் இல்லை. ஆளி விதை போட்டவர் சில வருஷம் இந்தப் பனி எப்போது விழும் என்று காத்துக்கொண்டுகூட இருப்பார். பச்சையாக நிற்கும் தண்டு பட்டுப்போனால்தான் அறுவடை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளாது. வேண்டி அழைக்கிற ஒன்றுக்கு ‘கொல்’ என்று பேர் வைப்பது கொஞ்சம் இடிக்கிறது. அப்புறம், ‘சஸ்காட்செவனில் கொல்பனி’ என்று தலைப்புப் போட்டால் எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் வாசகர் தேடுவார்.

என் பரிந்துரை கருக்குபனி. நீலகிரியில் தேயிலைக்காரர்கள் ‘பனியில் செடி கருகிப்போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். திசுவுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகிச் செல்கள் கிழிந்துவிடுகின்றன. விடிந்ததும் இலை வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி கரும்பச்சையாகத் துவண்டு கிடக்கும். வெயில் ஏற ஏறச் சாறு வற்றிப் பழுப்பாகி, கையில் எடுத்தால் நொறுங்கும். சாவு என்பது நாம் ஊகிப்பது; கருகல் கண்ணால் பார்ப்பது.

உறைபனியையும் விடக்கூடாது என்று ஒருவர் ‘கருக்குறைபனி’ என்று எழுதியிருந்தார். சேர்த்து எழுதினால் ‘கருக்குறை’ என்று கண் நின்றுவிடுகிறது, மகப்பேறு மருத்துவர் ஞாபகம்தான் வருகிறது. இன்னொன்று, ‘கருக்குபனி’ என்பதும் வினைத்தொகைதான், சுடுகாடு போல. நடுவில் ப் வராது. ‘கருக்குப்பனி’ என்று ஒற்றுப் போட்டால் பனைமட்டைக் கருக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது பிளாக் ஃப்ராஸ்ட், அதாவது வெள்ளைப் படலம் தெரியாமலே பயிரைக் கருக்கிவிடும் உறைபனி. நண்பரின் கட்டுரையே வறண்ட இலையுதிர்காலத்தைப் பற்றியது என்பதால் இதுதான் முக்கியமான சொல் என்று நினைக்கிறேன். ‘கரும்பனி’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து வண்டியைச் சறுக்கவிடும் பிளாக் ஐஸ் இருக்கிறதே, அதை மொழிபெயர்க்கும்போது இதே சொல்தான் வந்து நிற்கும். தவிர, இதில் கருப்பாக எந்தப் பனியும் விழுவதில்லை. எந்தப் பனியுமே விழுவதில்லை என்பதுதான் விஷயம்.

மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் ஒரு கட்டத்தில் அது பனித்துளியாக இலையில் படியும். ஆவி நீராகும்போதும், நீர் உறையும்போதும் வெப்பம் வெளிவருகிறது. அதனால் குளிர்வது மெதுவாகும், காலையில் வயல் வெள்ளையாக இருக்கும். காற்று வறண்டிருந்தால் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையே 0 டிகிரிக்கு வெகு கீழே இருக்கும். தடுக்க எதுவும் இல்லாமல் வெப்பநிலை சரசரவென்று இறங்கும். மண்ணும் காய்ந்திருந்தால் பகலில் அது சேர்த்துவைக்கும் வெப்பமும் குறைவு. ஆக, வெள்ளைப் படலம் துளிகூட இல்லாமலே திசு உறைந்துவிடும். காலையில் வயலைப் பார்த்தவர் தப்பித்தோம் என்று நினைப்பார். பயிர் கருத்த பிறகுதான் தெரியும். இதற்கு வறள்பனி என்று வைப்போம். என்ன நடந்தது என்பதோடு ஏன் நடந்தது என்பதையும் இந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

வறட்சி எப்போதும் கெடுதல்தான் என்றும் எழுதிவிட வேண்டாம். 2021 போல வறண்ட வருஷத்தில் விளைச்சல் படுத்துவிடும், ஆனால் பயிர் சீக்கிரம் முற்றிப் பனிக்கு முன்பே களஞ்சியம் சேரும். குளிர்ந்து இழுத்துக்கொண்டே போகும் கோடையில்தான் பயிர் பச்சையாக மாட்டிக்கொள்ளும். 2004இல் ஆகஸ்டிலேயே உறைபனி வந்து அடித்தது அப்படித்தான். அந்த நிலத்தில் வசந்தத்தின் கடைசிப் பனிக்கும் இலையுதிர்காலத்தின் முதல் பனிக்கும் நடுவே கிடைப்பது பெரும்பாலான இடங்களில் 100 நாள் சொச்சம். மார்க்விஸ் கோதுமை அங்கே கொண்டாடப்பட்டதற்குக் காரணமும் பழைய ரெட் ஃபைஃப் ரகத்தை விட ஒரு வாரம் முந்தி முற்றியதுதான். அதன் தாய்தந்தையரில் ஒன்று ஹார்டு ரெட் கல்கத்தா, இந்தியாவிலிருந்து போன கோதுமை.

அடுத்தது கனோலா, கடுகு இனத்து எண்ணெய் வித்து. உறைபனியும் வறட்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. விதை முற்றும்போது உள்ளே இருக்கும் பச்சையத்தை நொதிகள் சிதைக்கின்றன. நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். பனி அடித்து நொதி கெட்டாலோ, சூட்டிலும் காற்றிலும் விதை சட்டென்று காய்ந்தாலோ, பச்சை உள்ளேயே தங்கிவிடும். எண்ணெய் பச்சையாக வரும், சீக்கிரம் கெடும், சுத்திகரிக்கச் செலவு கூடும். சோதனை எளிது: 100 குழி உள்ள சட்டத்தில் விதைகளை எடுத்து, ஒட்டும் பட்டையில் பதித்து, உருளையால் நசுக்கி, பளிச்சென்று பச்சையாகத் தெரிவதை எண்ணுகிறார்கள். முதல் தரத்துக்கு வரம்பு 2 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 6. இப்படிப்பட்டதைப் ‘பச்சைவிதை’ என்றால் நமக்கு வறுக்காத விதை என்று படும். பச்சையத் தேக்கம் என்றால் குழப்பம் இல்லை.

டஃப் கிரெய்ன் என்பதைக் ‘கடின தானியம்’ என்று எழுதியது தப்பு, திருத்திவிடுங்கள். கடினக் கோதுமை தனி வகை. டஃப் என்பது ஈரப்பதக் கணக்கு: கோதுமையில் 14.5 சதவீதம் வரை காய்ந்தது, அதற்கு மேல் 17 வரை டஃப், அதையும் தாண்டினால் ஈரம். பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடையாமல் சவசவ என்று மெல்லும். நமக்கு அப்பளத்துக்குச் சொல்கிற ‘நமுத்தது’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு? காய்ந்தது, நமுத்தது, ஈரமானது என்று போதும். நம் நெல் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீதத்தை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள், அது நெல்லுக்கான அளவு.

இலையுதிர்காலத்தில் வரும் உறைபனிக்கு ‘கூதிர் உறைபனி’ வேண்டாம். கூதிர் ஐப்பசி, கார்த்திகை, மழையும் வாடையும் சேர்ந்தது. அங்கே பனி வருவது பெரும்பாலும் செப்டம்பரில், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்போது. இலையுதிர்காலம் என்றே இருக்கட்டும், வயலில் உதிர்வதற்கு மரமே இல்லாவிட்டாலும். இலையுதிர்காலத்தின் முதல் பனிக்கும் வசந்தத்தின் கடைசிப் பனிக்கும் முதல் உறைபனி, கடை உறைபனி என்று நேராக எழுதலாம்.

ஸ்வாத் மட்டும் பாக்கி. பயிரை அறுத்து, வயலில் நிற்கும் அடித்தாளின் மேலேயே நீள வரிசையாகக் காயப் போடுவது. அறுத்த நெல்லை நம் ஊரில் அரி அரியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாகப் போடுவார்கள், அதனால் அரிவரிசை என்று வைத்திருக்கிறேன். ‘அரிவரி’ என்று யாரும் சுருக்காமல் இருந்தால் சரி, அது பாலர் வகுப்பு ஆகிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் ‘அரி’ இன்னும் பேச்சில் இருக்கிறதா என்று சொல்லுங்கள். திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ வேறு சொல் புழங்கினால் அதையும் எழுதுங்கள், நண்பர் கட்டுரையை அனுப்புவதற்குள் மாற்றிவிடலாம்.