புக் பண்ணப்போ 11 கிலோவாட், டெலிவரிக்கு வரப்போ 7.2... எடுக்கறதா விடறதா?

வடவள்ளி_வாசி:
மக்களே ஒரு யோசனை வேணும், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் பொறுத்துக்கங்க. நாலு மாசம் முன்னாடி ஒரு எலெக்ட்ரிக் எஸ்யூவி புக் பண்ணினேன், கம்பெனி பேரு வேண்டாம், பேட்டரி 60 கிலோவாட் ஹவர் பக்கம். டாப் வேரியன்ட் எடுத்ததே அதுல 11 கிலோவாட் ஏசி சார்ஜிங் (வீட்டு கரண்ட்ல ஏத்தறது) இருக்குன்னுதான். வீட்டம்மாவுக்கு காலைல ஆறு மணி ட்யூட்டி, அஞ்சரைக்கு வண்டி கிளம்பணும். அதுக்காக த்ரீ பேஸ் லைன் வாங்கி, மீட்டர் போர்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் தடிமன்) கேபிள் இழுத்து, சுவத்துல மாட்டற சார்ஜிங் பெட்டி, 11 கிலோவாட் வால் பாக்ஸும் வாங்கி மாட்டியாச்சு. வண்டி வரல, பாக்ஸ் மட்டும் பச்சை லைட் எரிஞ்சுட்டு இருக்கு.

போன வாரம் ஷோரூம் பையன் போன் பண்ணி "சார் புது பேட்ச்ல சின்ன சேஞ்ச் சார், ஆம்பியன்ட் லைட் புதுசா வருது"ங்கறான். சரி எதை எடுத்தீங்கன்னு கேட்டா ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, சார்ஜர் 7.2 ஆகிடுச்சு, பக்கத்து சீட் பவர் அட்ஜஸ்ட் இல்ல, கையாலதான் நகர்த்தணும், விலை அதேதான்ங்கறான். லைட்டுக்கு எங்க வீட்ல தீபாவளி சீரியல் செட்டே இருக்குங்க. கேன்சல் பண்ணினா வேற வண்டிக்கு திரும்ப முதல்ல இருந்து வெயிட்டிங், லோன் சேங்ஷன் வேற மாசக் கடைசி வரைக்கும்தான். என்ன பண்ணலாம்?

சும்மா_சுத்தறவன்:
எடுத்துருங்க ப்ரோ. 11ஓ 7.2ஓ, ராத்திரி சொருகிட்டு தூங்கி எழுந்தா ரெண்டும் ஃபுல்தான். சீட்டெல்லாம் ஒரு மேட்டரா.

கரண்ட்_கணேசன்:
மேல சொன்னவரு பாதி சரி, ஆனா இவரு வீட்ல அது நடக்காது. 11 கிலோவாட் பாக்ஸ்னா ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர், அப்படி மூணு பேஸ். 7.2 வண்டி எடுக்கறது ஒரே ஒரு பேஸ். அப்ப 16ஐ 230ஆல பெருக்குங்க, 3.7 கிலோவாட்தான் ஏறும், 7.2 கூட கிடைக்காது. 20 பர்சென்ட்ல இருந்து 80க்கு 36 யூனிட் (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் ஹவர்) வேணும், 11ல மூணரை மணி நேரம், 7.2ல அஞ்சு சொச்சம், உங்க பாக்ஸ்ல லாஸையும் சேத்தா பத்து மணி நேரத்துக்கு மேல. ராத்திரி பத்துக்கு சொருகினா காலைல எட்டாகும், உங்க வீட்டம்மா அஞ்சரைக்கே போயிடுவாங்க.

முழு 7.2 வேணும்னா 32 ஆம்பியர் சிங்கிள் பேஸ் பாக்ஸ், 40 ஆம்பியர் எம்சிபி (லோடு ஏறினா ட்ரிப் ஆகற ஸ்விட்ச்), கேபிள் 6 ஸ்கொயராவது, தூரம் அதிகம்னா 10. பழைய 4 ஸ்கொயர்லயே 32ஐ ராத்திரி முழுக்க ஓட்டிப் பாக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மிக்சி மாதிரி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் ஆகற லோடு இல்ல இது. ஏசி, கீசர் எல்லாம் அதே பேஸ்ல இருந்தா மாத்தி விடுங்க. இந்தச் செலவைத்தான் ஷோரூம்ல கேக்கணும், சீட்டை இல்ல.

கலிபோர்னியா_காரைக்குடி:
இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. இங்க அமெரிக்காவுல 2021 மே மாசம் டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய்ல ரேடாரை எடுத்தாங்க, 2022 அக்டோபர்ல பம்பர்ல இருக்கற பார்க்கிங் சென்சாரையும் எடுத்தாங்க. கேமராவை வச்சே எல்லாம் பாத்துக்கலாம்னாங்க, ஆனா அந்த சாஃப்ட்வேர் வர வரைக்கும் புது வண்டிக்காரங்களுக்கு பார்க்கிங் அசிஸ்ட் கிடையாது. டிரைவருக்கு பக்கத்து சீட்டோட இடுப்பு சப்போர்ட்டையும் தூக்கினாங்க, யாரும் பெருசா யூஸ் பண்ணலைன்னு எங்க டேட்டா சொல்லுதுன்னு மஸ்க்கே ட்விட்டர்ல சொன்னாரு. அது ஒருவகைல நேர்மைதான், என்ன போச்சுன்னு வாயத் திறந்து சொன்னாங்கல்ல. சாஃப்ட்வேர்ல பின்னாடி வரும்னா காத்திருக்கலாம் அண்ணா, ஆனா வண்டிக்குள்ளயே இருக்கற ஆன்போர்டு சார்ஜர் ஹார்டுவேர், எந்த அப்டேட்லயும் 7.2 வந்து 11 ஆகாது.

முன்னாள்_சேல்ஸ்:
ஆறு வருஷம் ஷோரூம்ல இருந்தவன் சொல்றேன். உங்க புக்கிங் ஃபார்மை எடுத்துப் பாருங்க, வேரியன்ட் பேரும் கலரும்தான் இருக்கும், ஃபீச்சர் ஒண்ணும் எழுதியிருக்காது. கீழ பொடி எழுத்துல "முன்னறிவிப்பின்றி மாறும்"னு இருக்கும். அதனால புக் பண்ணின அன்னைக்கு இருந்த ப்ரோஷரை தேதியோட பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க. போன்ல சண்டை போடாதீங்க, என்னென்ன மாறியிருக்குன்னு மெயில்ல கேளுங்க, பதில் வந்தா அதுதான் சாட்சி. ஒத்து வரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், போட்டுப் பாருங்க, சில நேரம் அந்த கம்ப்ளைன்ட் நம்பரைச் சொன்னாலே மேனேஜர் டீ வாங்கித் தருவாரு.

எக்ஸ் ஷோரூம் விலையில டீலர் கை வைக்கறது கஷ்டம், ஆனா ஆக்சசரி, எக்ஸ்டென்டட் வாரன்டி, வால் பாக்ஸ் இதெல்லாம் அவங்க கையில இருக்கு. முக்கியமா வண்டியை யார்டுலயே போய் முழுசா பாத்து முடிக்கற வரைக்கும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஓகே சொல்லாதீங்க, உங்க பேர்ல ஆர்சி விழுந்துட்டா அப்புறம் உங்க பேச்சு எடுபடாது. இன்னொண்ணு, பழைய பேட்ச் வண்டி பக்கத்து ஊர் டீலர்கிட்ட நிக்குதான்னு கேளுங்க, அவங்களுக்குள்ள மாத்திக்குவாங்க, இவங்களா சொல்ல மாட்டாங்க. ஃபார்ம் 21ல, அதாவது டீலர் தர்ற விற்பனைச் சான்றிதழ்ல, தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும், அதைப் பாத்துக்கங்க.

வடவள்ளி_வாசி:
எல்லாருக்கும் நன்றிங்க. கணேசன் அண்ணா, அந்த 3.7 கணக்கு எனக்கு சத்தியமா தெரியாது, எங்க எலெக்ட்ரீஷியனும் சொல்லல. மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல ஏழு மாத்தம் லிஸ்ட் வந்துச்சு, பையன் சொன்னது ரெண்டுதான்! ஈரோட்ல பழைய பேட்ச் ஒண்ணு நிக்குதாம், ஆனா வெள்ளை கலரு. வீட்டம்மா கருப்புதான் வேணும்னு நாலு மாசமா சீட் கவர் வரைக்கும் பாத்து வச்சிருக்காங்க. சனிக்கிழமை போய் பாக்கறோம்.

கரண்ட்_கணேசன்:
போனா சார்ஜிங் மூடியைத் திறந்து மேல் பாகத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. மொத்தம் ஏழு இடம் இருக்கும், அதுல ரெண்டுல பின்னே இல்லாம வெறுமனே இருந்தா அது சிங்கிள் பேஸ், பழைய பேட்ச்னு சொல்லி புதுசைத் தள்றாங்கன்னு அர்த்தம். ஏழும் இருந்தாலும் நம்பிடாதீங்க, த்ரீ பேஸ் பாக்ஸ் இருக்கற இடத்துல பத்து நிமிஷம் சொருகச் சொல்லி ஸ்க்ரீன்ல எத்தனை கிலோவாட் காட்டுதுன்னு போட்டோ எடுங்க. கலரை வீட்ல நீங்க பேசிக்கங்க, அதுக்கு எங்கிட்ட மீட்டர் இல்ல.