ஜெர்க் – ‘வெடுக்கம்’ எனலாமா?

வணக்கம்.

முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை இயற்பியலில் ஜெர்க் (jerk) என்கிறார்கள். அதைத் தமிழில் ‘முடுக்க மாறுவீதம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். வரையறையாக அது சரி, பெயராக நிற்காது. முடுக்கத்தைப் பாடம் முழுக்கத் ‘திசைவேக மாறுவீதம்’ என்றா சொல்கிறோம்?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். ஓட்டுநர் ஒரே சீராகப் பிரேக் பிடித்து 5 விநாடியில் நிறுத்துகிறார். எதிர் முடுக்கம் 2 மீ/வி². உடல் முன்னால் சாயப் பார்க்கும். நாமும் கம்பியைப் பிடித்துக் காலை ஊன்றிச் சமாளித்துவிடுவோம். தள்ளாடுவது வண்டி நின்ற அந்தக் கணத்தில்தான், அதுவும் பின்பக்கமாக. அந்த 2 மீ/வி² 0.2 விநாடிக்குள் சுழியாகிவிட்டால் ஜெர்க் 10 மீ/வி³. கைதேர்ந்த ஓட்டுநர் கடைசியில் பிரேக்கை மெல்லத் தளர்த்தி அதே மாற்றத்தை 1 விநாடிக்குப் பரப்புவார். ஜெர்க் 2 ஆகிவிடும். நேர்த் தண்டவாளத்தை வளைவோடு சட்டென்று இணைக்காமல் வளைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும் இதற்காகத்தான். லிஃப்ட் அமைப்பவர்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘குலுக்கம்’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. குலுக்குவது என்றால் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஆட்டுவது. ‘அதிர்வு’க்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

வெடுக்கென்று இழுத்தான், வெடுக்கென்று பிடுங்கினான் என்கிறோமே, அந்த ‘வெடுக்’தான் ஜெர்க். அதிலிருந்து வெடுக்கம். முடுக்கம் மாறினால் வெடுக்கம். ஓசையே மாணவருக்கு நினைவூட்டும். மெதுவான மாற்றத்தையும் அப்படிச் சொல்லலாமா என்று கேட்கலாம். விசைக்கும் ஆற்றலுக்கும் பேச்சில் ஒரு பொருள், இயற்பியலில் இன்னொரு பொருள் இருக்கத்தானே செய்கிறது.

என் தயக்கம் வேறு. இலங்கைத் தமிழில் ‘வெடுக்கு’ என்றால் மீன் நாற்றம். அதனால் இதை இங்கே தமிழ்நாட்டில் மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. நமது வேகம் அவர்களுக்குக் கதி. நமது திசைவேகம் அவர்களுக்கு வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல், நிலைமம் அங்கே சடத்துவம். இரண்டு பக்கத்துப் பாடநூலையும் வைத்துப் படிக்கும் பிள்ளை ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய சொற்களை இனி மாற்றுவது கடினம். இன்னும் வேரூன்றாத இந்த ஒரு சொல்லையாவது சேர்ந்து முடிவு செய்யலாமே.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பாடம் நடத்தும் நண்பர்கள் சொல்லுங்கள்: ‘வெடுக்கம்’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்கு மீன் சந்தைதான் நினைவுக்கு வருமா? வருமென்றால் ‘உலுக்கம்’ எனக்குச் சம்மதம். மரத்தை உலுக்குவது இரண்டு கரையிலும் ஒன்றுதான்.